ஒன்பதாம் வீடும் பதினோராம் வீடும்

பிள்ளை,

ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுகிற தகப்பனை நினைத்து நீ முதலில் சிரிப்பாய். இதை எழுதும்போதும் நீ கிணற்றடியில்தான் நிற்கிறாய். மிஞ்சிய சவர்க்காரத் துண்டை வைத்துக்கொண்டு பயண உடுப்பெல்லாம் தோய்த்து முடித்துவிடப் பார்க்கிறாய். கூப்பிட்டுச் சொன்னால் ஐந்து நிமிட வேலை. காலையிலிருந்து மூன்று தரம் கூப்பிட்டும் விட்டேன். ஒரு தரம் தேத்தண்ணீர் கேட்டேன். ஒரு தரம் கண்ணாடியைத் தேடச் சொன்னேன், அது என் மூக்கிலேயே இருந்தது. மூன்றாம் தரம் ஒன்றுமில்லை, போ என்றேன். வெள்ளிக்கிழமை நீ கிளாலியில் வள்ளம் ஏறுகிறாய். அங்கிருந்து வவுனியா, கொழும்பு, பிறகு உன் பெரிய மாமா சுவிஸில் பேசி முடித்திருக்கிற மாப்பிள்ளை. அதற்கு முன்னால் நீ அறியவேண்டிய ஒன்றைப் பத்து வருடமாக நான் ஒளித்து வைத்திருக்கிறேன். அறிந்த பிறகும் போவதென்றால் போ. அறியாமல் உன்னை அனுப்பினால் நான் அதே பாவத்தை இரண்டாம் தரமும் செய்தவனாவேன்.

என் வேலையைப் பற்றி உனக்குத் தெரியும், ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். இருபத்தெட்டு வருடம் ஒரு கந்தோரின் பதிவேட்டு அறையில் இருந்தேன். வெள்ளைக்காரன் காலத்து ஊர் அதிகாரிகளான விதானைமார் வீடு வீடாகப் போய் எழுதிய குடிசனக் கணக்குப் புத்தகங்கள் சில அங்கே தப்பிக் கிடந்தன. பெயர், வயது, தகப்பன் பெயர், தொழில், கடைசியில் பிறந்த இடம். ஆட்களின் பெயரை யாரும் வாசித்துவிடலாம், கந்தனும் வேலனும் கதிர்காமனும்தான் மாறி மாறி வருவார்கள். இடப்பெயர்தான் பொல்லாதது. விதானை ஊரின் பெயரை எழுதமாட்டார். ஊருக்குள் இருக்கிற குறிச்சியின் பெயரை எழுதுவார், சில நேரம் ஒரு தனிக் காணியின் பெயரை எழுதுவார். புள்ளி வைக்கமாட்டார். மை மண்ணிறமாகிப்போயிருக்கும், பூச்சி தின்ற ஓட்டையும் சேர்ந்துகொள்ளும். நான் எழுத்தோடு மல்லுக்கட்டமாட்டேன். அந்த மனிதன் நடந்த வழியைத்தான் பார்ப்பேன். ஒழுங்கையின் ஒரு தொங்கலில் தொடங்கி மற்றத் தொங்கல்வரை அவர் வீட்டுக்கு இலக்கம் போட்டுக்கொண்டு போயிருப்பார். ஆகவே எட்டாம் வீடும் பத்தாம் வீடும் தெரிந்தால் நடுவில் உள்ளதைப் பிடித்துவிடலாம். அப்படியும் சந்தேகம் என்றால் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த ஒழுங்கைக்கே போய்க் காணிப் பெயர்களை விசாரிப்பேன். வாசித்துக் காட்டும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே சுட்டுவிரலை வைப்பது என் பழக்கம். கேட்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, விரலைத்தான் பார்ப்பார்கள்.

எண்பத்து மூன்றில் கொழும்பில் அடிபட்டுக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கிய சனத்தில் எத்தனையோ பேர் என்னைத் தேடி வந்தார்கள். இரண்டு தலைமுறையாக வெள்ளவத்தையில் இருந்தவர்களுக்குத் தங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஒரு மனிதர் பாட்டனாரின் பெயரையும் வீட்டுக்குப் பின்னால் ஒரு கேணி இருந்தது என்பதையும் மட்டும் வைத்துக்கொண்டு வந்தார். நாலு நாளில் அந்த இடத்தைப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு அச்சுவேலிப் பக்கம் போனால், கேணி இருந்தது, சொந்தக்காரர்களும் இருந்தார்கள், அன்றைக்கே ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அவர் கொண்டுவந்து தந்த பிஸ்கட் ரின்னில்தான் அம்மா கடைசிவரைக்கும் ஊசி நூல் வைத்திருந்தா. அந்த நாட்களில் என் தலை கொஞ்சம் கனத்துப்போய்த்தான் இருந்தது. நான் வாசித்தால் சரி என்று யாழ்ப்பாணம் முழுக்க நம்பியது, நானும் நம்பினேன்.

அப்படிப்பட்டவன் அந்த அறையில் முதன்முதல் வாசித்த இடப்பெயர் எது என்று கேள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே என் பூட்டனாரை, அதாவது என் அப்பாவின் பாட்டனாரைத் தேடினேன். நாங்கள் பெரிய இடம், மணியகாரன் வளவு ஆட்கள் என்று அப்பா கொக்குவில் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதை என் கண்ணால் பார்க்கவேண்டும் என்று ஆசை. பதினோராம் வீடு. பெயர் சரி, தகப்பன் பெயர் சரி. தொழில், சிப்பி அள்ளுதல். பிறந்த இடம், கோரைப்புட்டி. அது கடல்நீரேரிக் கரையில் கோரைப்புல் மண்டிய ஒரு மேடு. சுண்ணாம்புச் சூளைக்குச் சிப்பி அள்ளிக் கொடுத்த ஏழைச் சனம் அங்கே கொட்டில் போட்டு இருந்தார்கள். எங்கள் ஆட்களிடம் ஓர் இடத்தின் பெயரைச் சொன்னால் போதும், உன்னைக் கதிரையில் இருத்துவதா வாங்கில் இருத்துவதா என்று அதை வைத்தே முடிவுசெய்துவிடுவார்கள். நான் அந்தப் புத்தகத்தை மூடி மேல்தட்டில் பின்னுக்குச் செருகினேன். அடுத்த வருடம் எனக்குக் கலியாணம் பேசினார்கள். உன் அம்மாவின் ஆட்களிடம் அப்பா மணியகாரன் வளவு என்று சொன்னபோது நான் பக்கத்தில் வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்த முதல் பொய்யில் எனக்கு வாய் திறக்கிற வேலைகூட இருக்கவில்லை.

பிறகு எண்பத்தைந்து. ரியூட்டரியில் நீ கணிதம் படிப்பித்தாய், நேசன் இரசாயனம் படிப்பித்தான். நீ அம்மாவிடம் சொன்னாய், அம்மா என்னிடம் சொன்னா. நல்ல பெடியன், அவனில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அவனுடைய தகப்பன் செல்லத்துரை தென்மராட்சியிலிருந்து வெள்ளை வேட்டியும் ஒரு பை மாம்பழமுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். உன் பெரிய மாமா அன்றைக்குப் பார்த்து விறாந்தையில் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தார்.

"ஐயா, பிள்ளையள் ரெண்டும் விரும்பியிட்டுதுகள். எனக்கு மறுப்பில்லை," என்றார் செல்லத்துரை. "ஒண்டு மட்டும் கேட்டுட்டுப் போவம் எண்டு வந்தனான். நாங்கள் கோரைப்புட்டி ஆக்கள். உங்கடை ஆக்களும் அங்கையிருந்துதான் கொக்குவிலுக்குப் போனவை எண்டு எங்கடை அப்பு சொல்லுவார். அப்பிடியெண்டால் விட்ட சொந்தம் திரும்ப வருது, நல்லதுதானே. உங்கடை புத்தகத்திலை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

வஞ்சகம் இல்லாத மனிதர், தோட்டத்தில் நின்று கூப்பிடுகிற குரலிலேயே வீட்டுக்குள்ளும் கதைப்பார். உன் மாமா காலை இறக்கி வைத்தார். "ஆர் கோரைப்புட்டி ஆக்கள்?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாப்பம், பாப்பம், புத்தகத்தைப் பாத்தால் தெரியும்," என்றேன்.

மூன்றாம் நாள் தகப்பனும் மகனும் கந்தோருக்கு வந்தார்கள். நீ வகுப்புக்குப் போகிற வழியில் வந்து கதவோரம் நின்றாய். உன் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் ஏணியில் ஏறினேன் என்பதை மறைக்கமாட்டேன். புத்தகத்தைப் பிரித்தேன். அந்த விதானையின் கையெழுத்து அங்கே இருந்த எல்லாக் கையெழுத்திலும் தெளிவானது, பள்ளிக்கூடப் பிள்ளையும் வாசிக்கும். ஒன்பதாம் வீட்டில் செல்லத்துரையின் பூட்டனார், பதினோராம் வீட்டில் என்னுடையவர். நான் கண்ணாடியைத் துடைத்தேன். தாளை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். வாசிக்க முடியாமல் கஷ்டப்படுகிறவன் போலப் புருவத்தைச் சுருக்கினேன்.

"செல்லத்துரை, உங்கடை அப்பு சொன்னது பிழை. கோரைப்புட்டி எண்டு இதிலை ஒரு இடத்திலையும் இல்லை. ரெண்டு பேருக்கும் மணியகாரன் வளவு எண்டுதான் கிடக்கு. தகப்பனும் ஒராள்தான். கூடப் பிறந்த சகோதரங்கள்."

அண்ணன் தம்பி வழி வந்த பிள்ளைகள் எத்தனை தலைமுறை போனாலும் எங்களுக்கு அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் கலியாணம் இல்லை. அதை யாருக்கும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. சும்மா மறுத்திருந்தால் செல்லத்துரை காரணம் கேட்டிருப்பார். இப்படிச் சொன்னதில் அவருக்கு ஒரு பெரிய இடத்தையும் கொடுத்து, கலியாணத்தையும் நிறுத்தி, என் மானத்தையும் காப்பாற்றிக்கொண்டேன். பெரிய கெட்டித்தனம் என்று அன்றைக்கு நினைத்தேன், தூ. செல்லத்துரை எழும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். "அப்ப நீங்கள் எனக்கு அண்ணை எல்லோ," என்றார். நேசன் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கதவோரம் பார்த்தேன், நீ போய்விட்டாய்.

அன்று பின்னேரம் நீ என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டாய். நீ மறந்திருக்கமாட்டாய். "அப்பா, நீங்கள் இண்டைக்கு விரல் வைச்சு வாசிக்கேல்லை," என்றாய். நான் கத்தினேன். "இருபது வரியத்துக்கு மேலை வாசிக்கிறவன் நான்! நீ எனக்குப் பிழை பிடிக்கிறியோ?" என்றேன். உள்ளே குற்றம் இருந்தபடியால்தான் அவ்வளவு சத்தம் வந்தது. நீ கிணற்றடிக்குப் போனாய். உடுத்த சீலையோடு வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றினாய். ஏதோ தீட்டுப் பட்டவள் போல, ஒரு சகோதரனை விரும்பிவிட்டோமே என்ற அருவருப்போடு நீ தலை முழுகுகிறாய் என்று எனக்கு விளங்கியது. பத்து அடி எடுத்து வைத்து வந்து, பிள்ளை, நிப்பாட்டு, உன்னில் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் யன்னலைச் சாத்தினேன். அந்த யன்னலை நினைக்கிறபோது எனக்கு இப்போதும் என் கையைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த கிழமை செல்லத்துரை அந்தத் தாளின் நகல் ஒன்று கேட்டு ஆள் அனுப்பினார், சட்டம் போட்டு வீட்டில் மாட்டுவதற்காம். தாள் நொந்துபோய்க் கிடக்கிறது, தொட ஏலாது என்று சொல்லி அனுப்பினேன். பிறகு பயம் பிடித்தது. நான் ஓய்வுபெற்ற பிறகு வேறு ஒருவன் வாசித்துக் காட்டினால்? ஒரு மூலையைக்கூட மடிக்காதே என்று மற்றவர்களை ஏசிக்கொண்டு திரிந்த நான் அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எரிக்கத்தான் நினைத்தேன். அடுப்படிவரைக்கும் போனேன். தாளை எரிக்க மட்டும் என் கை மறுத்துவிட்டது. மகளின் வாழ்க்கையை எரிக்கத் துணிந்தவனுக்கு ஒரு பழைய தாளில் இரக்கம் வந்ததைப் பார். காணி உறுதிகளோடு சேர்த்து ரெக்சின் பையில் போட்டு வைத்தேன்.

செல்லத்துரை நான் கொடுத்த உறவை உண்மையாகவே எடுத்துக்கொண்டார். அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. மாம்பழக் காலத்தில் அண்ணை வீட்டுக்கு என்று முதல் பழம் வரும். தொண்ணூற்றொன்றில் அம்மா செத்தபோது அவர் நிலம் வெளிக்க முன்னமே சைக்கிளில் வந்து சேர்ந்தார், பந்தலுக்குக் கிடுகு கட்டினார். அவருடைய ஊர்ப் பிள்ளையாருக்கு அந்த மாதம்தான் திருவிழா. ஏழாம் திருவிழா அவர்களுடைய உபயம், தகப்பன் காலத்திலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை. "நீங்கள் போங்கோ, தூரத்துச் சொந்தம்தானே," என்று நான் சொல்லிப் பார்த்தேன். "என்ன கதை கதைக்கிறியள் அண்ணை? செத்தது என்ரை அண்ணி. எனக்குத் துடக்கு இல்லாமல் ஆருக்குத் துடக்கு?" என்று கோபித்தார். முப்பத்தொரு நாளும் கோயில் பக்கம் போகாமல் துடக்குக் காத்தார். அவருடைய திருவிழாவை வேறு ஆள் செய்தது. இல்லாத உறவுக்காக ஒரு மனிதன் தன் சாமியைப் பார்க்காமல் வீட்டுக்குள் இருந்தான், அதுவும் என்னால். நேசன் உன்னை முதன்முதல் "தங்கச்சி, சாப்பிட்டனியே?" என்று கேட்டது அந்தச் செத்தவீட்டில்தான். நீ "ஓம் அண்ணை" என்றாய். நீ சாப்பிட்டிருக்கவில்லை.

இந்த ஐப்பசியில் ஆமி வருகிறது என்று வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது நடந்ததை நீயும் பார்த்தாய். அந்த மழைக்குள், நகரமுடியாத சனத்துக்குள், என்னால் எதையும் தூக்க முடியாது என்று ரெக்சின் பையை நீயே தலையில் வைத்துக்கொண்டு நடந்தாய். "உறுதியள் நனையக்கூடாது அப்பா," என்று உன் குடையையும் அதற்கே பிடித்தாய். அதற்குள்தான் அந்தத் தாள் இருந்தது. நாவற்குழிப் பாலம் கடந்து விடிந்த பிறகு, எங்கே போவது என்று தெரியாமல் நின்றவர்களுக்கு நடுவில் செல்லத்துரை சைக்கிளோடு தேடிக்கொண்டு நின்றார். "தம்பி வீடு இருக்க அண்ணை றோட்டிலை நிக்கிறதே?" என்றார். தன்னுடைய அறையை எங்களுக்கு விட்டுவிட்டுத் தகப்பனும் மகனும் புகையிலைக் கொட்டிலில் படுக்கிறார்கள். இந்தக் கடிதத்தை நான் எழுதுகிற மேசை அவருடையது, பேனை நேசனுடையது.

ஊர் மாறிப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்திமதி எழுதுவது வழக்கம். எனக்கு அதற்குத் தகுதி போதாது, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். உனக்காக ஒருவர் எதையும் வாசித்துச் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய ஆள் என்றாலும், தாளைக் கையில் வாங்கி நீயே பார். தகப்பன் என்றால் கட்டாயம் பார். உன்னை யாராவது எந்த இடம் என்று கேட்டால் கோரைப்புட்டி என்று சொல்லு. முகம் சுளிப்பவர்கள் சுளித்துவிட்டுப் போகட்டும். நான் அவர்களுக்குப் பயந்து பயந்து இருந்ததில் அவர்களில் ஒருவரும் எனக்கு றோட்டில் நின்று தேடி ஓர் அறை தரவில்லை.

போன கிழமைதான் என்னால் தாங்கமுடியாமல் போனது. செல்லத்துரை என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டு, "அண்ணை, உவனுக்கு முப்பத்தேழு வயதாகுது. எத்தினை இடம் பேசியாச்சு, பிறகு பாப்பம் எண்டுறான். நீங்கள் பெரியப்பா சொன்னால் கேப்பான்," என்றார். நான் எந்த முகத்தோடு கேட்டேனோ தெரியாது, கேட்டேன். நேசன் உன் பயணத்துக்காகச் சைக்கிளுக்குப் பின்கரியர் இறுக்கிக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான். "முதல் தங்கச்சியின்ரை அலுவல் ஒப்பேறட்டும் பெரியப்பா. அவவை அனுப்பிப்போட்டு என்ரையைப் பாக்கிறன். அதுதானே முறை." அவன் அண்ணனுக்குரிய கடமையைச் செய்கிறான், பிள்ளை. உன்னை வேறு ஒருவனுக்குக் கட்டிக்கொடுக்கத் தானே உன் பெட்டியைக் கிளாலிக்கு ஏற்றிக்கொண்டு வரப்போகிறான். அன்று பின்னேரம் நீ அந்தப் பெட்டிக்கு மேல் இருந்துகொண்டு வெகுநேரம் ஒன்றும் செய்யாமல் இருந்ததையும் பார்த்தேன். சுவிஸ் மாப்பிள்ளை எப்படி என்று நான் கேட்டபோது, "உங்களுக்குச் சரியெண்டால் எனக்கும் சரி அப்பா," என்றாய். நான் சரியென்று சொன்னவற்றை நம்பித்தானே நீ இந்த நிலைக்கு வந்தாய்.

இந்தக் கடிதத்தோடு அந்தத் தாளை வைத்திருக்கிறேன். பழுதாகாமல் பிரி. மேலேயிருந்து விதானை நடந்தபடியே வீடு வீடாக நீயும் நடந்து வா. ஒன்பதாம் வீட்டில் நேசனின் ஆட்கள், பிறந்த இடம் கோரைப்புட்டி. பத்தாம் வீட்டில் ஒரு கிழவி தனியே இருந்தவ. பதினோராம் வீட்டில் எங்கள் ஆட்கள், பிறந்த இடம் கோரைப்புட்டி. இரண்டு வீட்டுக்கும் தகப்பன் பெயர் வேறு வேறு. விரல் வைத்து வாசி. பிறகு பதினோராம் வீட்டில் இரண்டாம் வரியைப் பார். அது என் பூட்டனாரின் பெண்சாதி. அவவின் தகப்பன் பெயருக்கு நேரே விதானை ஒன்பதாம் வீட்டான் என்று எழுதியிருக்கிறார். செல்லத்துரையின் பூட்டனாருக்குக் கூடப் பிறந்த பெண்தான் எங்கள் வீட்டுக்கு வாழ வந்திருக்கிறா. செல்லத்துரையின் அப்பு சொன்ன விட்ட சொந்தம் அதுதான். முறையைப் பார்த்தால் செல்லத்துரை எனக்கு மச்சான். நேசன் உனக்கு மச்சான். உரித்தோடு கட்டியிருக்கவேண்டியவனை நான் உனக்கு அண்ணன் ஆக்கினேன்.

இதை உன் கையில் தந்துவிட்டு நான் மிளகாய்த் தோட்டத்துக்குப் போகிறேன். செல்லத்துரை அங்கே நிற்கிறார். அவருக்கு நானே என் வாயால் சொல்லவேண்டும், கடிதம் எழுதித் தப்பக்கூடாது. அவர் அடித்தாலும் சரி, பையைத் தூக்கி வெளியே போட்டாலும் சரி, வாங்கிக்கொள்வேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ தந்துவிடுவாய், உன் சுபாவம் அப்படி. சுவிஸுக்குப் போவதா, நிற்பதா என்பதை நீதான் முடிவுசெய்யவேண்டும். உன் மாமாவுக்குப் பதில் சொல்கிற வேலை என்னுடையது.

நேசனுக்கு நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல உனக்குத்தான் உரிமை. தாளைக் கொண்டுபோய் அவனுக்கும் காட்டு. எப்படித் தொடங்குவது என்று உனக்கு வாய் வராமல் இருக்கும், எனக்குத் தெரியும். எப்படியும் தொடங்கு பிள்ளை, அண்ணை என்று மட்டும் தொடங்காதே.

அப்பா